தண்டமும் தண்டனையும்

தமிழில் ‘தண்டம்’ என்னும் சொல் கோலையும் குறிக்கும், ஒறுத்தலையும் குறிக்கும். ஒறுக்கும் அதிகாரம் கோலேந்திய கையில் இருந்த காலத்தில் இவ்விரு பொருளும் ஒரு சொல்லில் அடங்கியமை இயல்பே. இன்று நீதிமன்றமொன்று தண்டனை விதித்தது என்று கேட்போர் கோலை எண்ணுவதில்லை. சிறையையோ தண்டப்பணத்தையோ எண்ணுவர். வளர்ந்தோரைப் பொறுத்தவரை கோலும் ஒறுத்தலும் பிரிந்துவிட்டன. பிள்ளைகளைப் பொறுத்தவரையில் அப்பிரிவு இன்னும் நிகழவில்லை. ஆசிரியர் தண்டித்தார் என்று ஒரு மாணவன் வீட்டில் வந்து கூறுவானாயின், அவர் அடித்தார் என்றே பெற்றோர் விளங்கிக்கொள்வர்.

சிறுவருக்கான உடல்சார் தண்டனையைத் தடைசெய்யும் நோக்குடன் 2025ஆம் ஆண்டில் நீதி அமைச்சர் ஹர்ஷண நாணயக்கார பாராளுமன்றத்தில் முன்வைத்த தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தச் சட்டமூலம் இப்பிரிவைச் சட்டத்தின் வாயிலாக நிகழ்த்த முற்பட்டது. அதனையொட்டிப் பாராளுமன்றத்தினுள்ளும் வெளியிலும் எழுந்த வாதங்கள் இருவகைப்பட்டன. பிள்ளையும் ஓர் ஆள். எனவே ஏனையோருக்குள்ள பாதுகாப்பு அதற்கும் உரியது என்றது ஒரு சாரார் வாதம். பிரம்பு பறிக்கப்பட்டால் ஆசிரியரின் கை கட்டப்படும், ஒழுக்கம் குலையும், வகுப்பறைக்குள் பொலிசார் நுழைவர் என்றது மற்றைய சாரார் வாதம். முதலாவது வாதம் மேனாட்டு உரிமைக் கோட்பாட்டின் எதிரொலி எனவும், இரண்டாவது பழமைப் பிடிப்பு எனவும் தள்ளிவிடுதல் எளிது. அவ்வாறு தள்ளிவிடுவோர் இரண்டினடியிலும் உள்ள வினாவைக் காணத் தவறுவர். ஒருவரை அவருடைய நன்மைக்காகவே துன்புறுத்தும் உரிமை இன்னொருவருக்கு உண்டா என்பதே அவ்வினா. இக்கட்டுரை அதனையே ஆராய முனைகின்றது.

இவ்வினாவை மாத்தளை மாவட்டத்தை நிலைக்களனாகக் கொண்டு நோக்குவதற்குத் தக்க காரணங்கள் உள. இலங்கையில் அரசின் கசையடி எத்தகையது என்பதை வரலாற்றில் அறிந்த மாவட்டங்களுள் அஃது ஒன்று. வடக்கே மன்னாரில் இறங்கித் தம்புள்ளை வழியாகக் காட்டுப்பாதையில் நடந்துவந்த கூலிகள் மலையகத்துக்குள் புகுந்த வாயிலும் அதுவே. சிங்களக் கிராமங்களும் தமிழ்த் தோட்டங்களும் முஸ்லிம் ஊர்களும் அங்கு அருகருகே அமைந்துள்ளன. மாத்தளை, கலேவெல, நாவுல, வில்கமுவ ஆகிய கல்வி வலயங்களுள் நகரின் பெரிய கல்லூரியும் உண்டு. மலைச்சரிவில் நிற்கும் தோட்டப் பாடசாலையும் உண்டு. பொதுவாகப் பேசப்படும் ஓர் ஒழுக்கப் பிரச்சினை வெவ்வேறு வாழ்நிலைகளில் எவ்வாறு உருமாறுகின்றது என்பதை இத்தகைய மாவட்டத்தில் தெளிவாகக் காணலாம்.

1848ஆம் ஆண்டு யூலைத் திங்களில் மாத்தளையில் எழுந்த கிளர்ச்சி யாவரும் அறிந்ததே. தம்புள்ளை விகாரையில் மன்னனாக முடிசூட்டப்பட்ட கொங்காலகொட பண்டாவும் அவனோடு நின்ற புரன் அப்புவும் புதிய வரிகளால் நொந்திருந்த மக்களைத் திரட்டினர். இராணுவச் சட்டம் பிரகடனப்படுத்தப்பட்டது. புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டான். கொங்காலகொட பண்டாவுக்கு விதிக்கப்பட்ட மரணதண்டனை 100 கசையடியாகவும் மலாக்காவுக்கு நாடுகடத்தலாகவும் மாற்றப்பட்டது. அதனை அன்றைய ஆட்சியாளர் கருணை எனக் கொண்டனர். கொல்லாமல் விட்டமை கருணையாயின், அடித்தமை எதற்கு என்னும் வினா எழுகின்றது. ஒருவனை அடிப்பது வெறுமனே அவனுக்கு நோவு உண்டாக்குவதன்று. அவன் இன்னார்க்குக் கீழ்ப்பட்டவன் என்பதை அவனுக்கும் காண்போர்க்கும் அறிவிப்பதாகும். மன்னனெனத் தன்னைக் கூறிக்கொண்டவனுக்குக் கசையடி விதிக்கப்பட்டதன் பொருள் இதுவே. ஆளுநர் டொரிங்டனின் நடவடிக்கைகள் பின்னர் பிரித்தானியப் பாராளுமன்றத்தின் தெரிகுழுவொன்றினால் ஆராயப்பட்டன. 1850இல் அவர் திருப்பியழைக்கப்பட்டார். ஒறுக்கும் அதிகாரத்துக்கும் எல்லை உண்டு, அதனைக் கையாண்டவர் கணக்குச் சொல்லவேண்டும் என்னும் கருத்து, குறைபாடுகளோடாயினும், அவ்விசாரணையில் வெளிப்பட்டது.

ஆயினும் கசையடி உடனே ஒழிந்துவிடவில்லை. 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக்கோவை இயற்றப்பட்டபோது அதுவும் தண்டனைகளுள் ஒன்றாக விளங்கிற்று. 1889இல் அதற்கெனத் தனிக் கட்டளைச் சட்டமே தோன்றியது. நூறாண்டுக்கு மேல் நிலைத்த இவ்வேற்பாட்டை 2005ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டம் நீக்கிற்று. அதன் பின்னர் இந்நாட்டில் எத்துணைக் கொடிய குற்றம் இழைத்தவனையும் கசையால் அடிக்குமாறு நீதிபதி கட்டளையிட முடியாது. குற்றவாளியாயினும் மனிதன், மனிதனுடைய உடல் அவமதிப்புக்கு உரியதன்று என்பதே அச்சட்டத்தின் உட்பொருள். கொள்ளைக்காரனின் முதுகுக்கு 2005இல் கிடைத்த பாதுகாப்பு, வீட்டுப்பாடம் எழுதாது வந்த பிள்ளையின் உள்ளங்கைக்குச் சட்டத்தில் அந்த ஆண்டிலும் கிடைக்கவில்லை.

கிடைக்காமைக்குக் காரணம் சட்டக்கோவையிலேயே உண்டு. 12 வயதுக்குட்பட்ட ஒருவரின் நன்மைக்காக, அவருடைய பாதுகாவலரால் அல்லது பாதுகாவலரின் சம்மதத்தோடு, நல்லெண்ணத்துடன் செய்யப்படும் செயல் அதனால் விளையக்கூடிய தீங்கு காரணமாகக் குற்றமாகாது என 1883ஆம் ஆண்டுக் கோவையின் 82ஆம் பிரிவு கூறிற்று. மரணம் விளைவித்தல், கடுங்காயம் விளைவித்தல் முதலியவற்றுக்கு மட்டும் சில வரையறைகள் இடப்பட்டன. 341ஆம் பிரிவோடு சேர்க்கப்பட்ட உதாரணங்களுள் ஒன்று, தன் தற்றுணிபை நியாயமாகப் பயன்படுத்தி மாணவனை அடிக்கும் பாடசாலை ஆசிரியர் குற்றவியல் வன்முறையைப் பிரயோகித்தவராகார் என்று விளக்கிற்று. 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளைஞர் கட்டளைச் சட்டம் சிறுவரைக் கொடுமைப்படுத்துதலைக் குற்றமாக்கிய 71ஆம் பிரிவிலேயே, பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் தண்டிக்கும் உரிமை உண்டெனக் காப்புவாசகமும் சேர்த்தது.

இவ்விதிகளின் பிறப்பிடம் நம் மரபன்று என்பது நோக்கற்பாலது. இலங்கைக் கோவை 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டக்கோவையைத் தழுவியது. அக்கோவையோ மெக்காலே தலைமையில் வரையப்பட்ட ஆங்கிலச் சிந்தனையின் விளைவு. அதே 1860ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஹொப்லி என்னும் ஆசிரியர் தம் மாணவனொருவனை அடித்து அவன் இறந்துபட்டான். அவ்வழக்கில் ஆசிரியர் தண்டிக்கப்பட்டார் எனினும், மிதமானதும் நியாயமானதுமான அடி சட்டத்துக்கு உடன்பாடானதே என்னும் கோட்பாடு அதே தீர்ப்பினால் உறுதிப்பட்டது. இங்கிலாந்து தன் அரச பாடசாலைகளில் பிரம்பை ஒழிக்க 1986இல் சட்டம் செய்தது. பிரம்பைக் காப்பது கீழைத்தேயப் பண்பாட்டைக் காப்பதாகும் என வாதிடுவோர், தாம் காக்க முற்படும் சட்டவாசகம் விக்ரோறியா காலத்து ஆங்கில வாசகம் என்பதை மறத்தலாகாது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் குட்டும் கோதண்டமும் இருந்தமை உண்மையே. ஆயின் அவற்றுக்குச் சட்டத்தின் கவசம் இருக்கவில்லை. கவசத்தை வழங்கியது குடியேற்ற ஆட்சியே.

பின்வந்த திருத்தங்கள் இப்பழைய விதியோடு எவ்வாறு முரண்பட்டன என்பதையும் காணுதல் வேண்டும். 1991இல் இலங்கை சிறுவர் உரிமைகள் சமவாயத்தை ஏற்று உறுதிப்படுத்திற்று. ஜீ. எல். பீரிஸ் நீதி அமைச்சராயிருந்த காலத்தில் இயற்றப்பட்ட 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் சிறுவர் பாதுகாப்பில் பெரும் மாற்றங்களைச் செய்தது. அதனாற் சேர்க்கப்பட்ட 308அ என்னும் பிரிவு, 18 வயதுக்குட்பட்ட ஒருவரைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் துன்பமோ உடல்நலக் கேடோ விளையக்கூடிய முறையில் வேண்டுமென்றே தாக்குதல், கொடுமைப்படுத்துதல், கைவிடுதல் ஆகியவற்றை 2 ஆண்டுக்குக் குறையாததும் 10 ஆண்டுக்கு மேற்படாததுமான சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கிற்று. 1998இன் 50ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை அமைந்தது. எனினும் 1995ஆம் ஆண்டுத் திருத்தம் 82ஆம் பிரிவைத் தொடவில்லை. இதனால் ஒரே கோவையின் ஒரு பக்கம் பிள்ளையைத் தாக்குதல் கடுங்குற்றம் எனவும், மற்றொரு பக்கம் நன்மைக்காயின் குற்றமன்று எனவும் கூறும் நிலை தோன்றிற்று.

இம்முரண்பாடு 2018இல் மேலும் கூர்மையுற்றது. 1883ஆம் ஆண்டுக் கோவை 8 வயதுக்குட்பட்ட பிள்ளையின் செயலையே குற்றமாகாது என விலக்கியிருந்தது. 2018ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் இவ்வெல்லையை 12ஆக உயர்த்திற்று. தன் செயலின் தன்மையையும் விளைவையும் உணரும் முதிர்ச்சி 12 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு இல்லை. ஆகவே அதனை எந்த நீதிமன்றமும் தண்டித்தலாகாது என்பது இதன் கருத்து. 82ஆம் பிரிவு குறித்த வயதும் 12 என்பதை ஒப்புநோக்குக. நீதிபதியும் சட்டத்தரணியும் சாட்சியும் மேன்முறையீடும் உள்ள மன்றத்தில் தண்டிக்கத் தகாத வயது எதுவோ, அதே வயதுப் பிள்ளையை இவற்றுள் ஒன்றுமில்லாத வகுப்பறையில் அடிக்கலாம் என்று சட்டம் பேசிற்று. முதிர்ச்சியின்மை ஓரிடத்தில் பிள்ளைக்குக் கேடயமாயிற்று. இன்னோரிடத்தில் அதுவே அடிப்பவர்க்குக் கேடயமாயிற்று. இரண்டும் ஒருங்கே நியாயமாதல் அரிது.

நிருவாக மட்டத்தில் நிலை வேறாக இருந்தது. கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுற்றுநிருபத்தாலும் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சுற்றுநிருபத்தாலும் பாடசாலைகளில் உடல்சார் தண்டனையை விலக்கியது. சுற்றுநிருபம் ஆசிரியரைக் கட்டுப்படுத்தும், சட்டத்தை மாற்றாது. மாத்தறை மாவட்டத்துப் பாடசாலையொன்றில் ஆசிரியர் கன்னத்தில் அறைந்தமையால் மாணவனொருவனின் செவிப்புலன் பாதிக்கப்பட்ட வழக்கில், 2021ஆம் ஆண்டு பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதியரசர் எஸ். துரைராஜா எழுதிய அத்தீர்ப்பு, கொடூரமான அல்லது இழிவான நடத்துகையிலிருந்து எவருக்கும் பாதுகாப்பளிக்கும் அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை மீறப்பட்டதெனக் கண்டு நட்டஈடு வழங்கப் பணித்தது. மாணவன் அரசியலமைப்பு கூறும் ‘எவரும்’ என்பதனுள் அடங்குவான் என்பது இதனால் ஐயமற நிறுவப்பட்டது. இத்தகைய பின்னணியிலேயே 2025ஆம் ஆண்டுச் சட்டமூலத்தை நோக்குதல் வேண்டும். அது வெற்றிடத்தில் முளைத்ததன்று. ஒன்றோடொன்று பொருந்தாத விதிகளிடையே பொருத்தம் தேடும் முயற்சியாகும்.

இனி, பிரம்பை ஆதரிப்போரின் வாதத்தை அதன் வலிமையோடு எடுத்துரைத்தல் நேர்மையாகும். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பது அனுபவ மொழி. மாத்தளைத் தோட்டங்களிலும் கிராமங்களிலும், ஏன் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும், பிள்ளையைப் பாடசாலையில் ஒப்படைக்கும் பெற்றோர் “கண்ணை மட்டும் விட்டுவிடுங்கள், மற்றதெல்லாம் உங்கள் பொறுப்பு” என்று ஆசிரியரிடம் கூறிய காலம் தொலைவிலில்லை. அதனைக் கொடுமனமாகக் கொள்ளுதல் தவறு. எழுத்தறியாத தாய் தந்தையர் தம்மால் தர முடியாததை ஆசிரியர் எவ்வழியிலேனும் தரவேண்டும் என்னும் ஏக்கமே அவ்வாறு பேசிற்று. அடித்த ஆசிரியரைப் பிற்காலத்தில் நன்றியோடு நினைவுகூரும் மாணவரும் பலர்.

இவ்வாதத்துக்கு மிக உயர்ந்த சான்று காந்தியடிகளின் வாழ்விலிருந்து கிடைக்கின்றது. 1910இல் தென்னாபிரிக்காவில் அவர் அமைத்த தோல்ஸ்தோய் பண்ணையில் பயின்ற பிள்ளைகளுள் தமிழ்ப் பிள்ளைகளும் இருந்தனர். அடித்துக் கற்பித்தலுக்கு எதிரானவராயிருந்தும், கட்டுக்கடங்காத 17 வயது மாணவனொருவனை ஒருநாள் அவர் கோலால் அடித்துவிட்டார். அடிக்கையில் அவர் உடல் நடுங்கிற்று. மாணவனும் அழுது மன்னிப்புக் கேட்டான். அதன்பின் கீழ்ப்படிந்தும் நடந்தான். இவற்றைத் தம் சுயசரிதையில் மறையாது கூறும் காந்தியடிகள், அவன் அழுதது அடியின் நோவினாலன்று, தம் வேதனையைக் கண்டதனாலேயே என்று கருதுகின்றார். அடி பயன் தந்தது போலத் தோன்றிய நிலையிலும் அச்செயலுக்காக வருந்தினார். பின்னர் அவ்வழியை நாடவில்லை. பயன் விளைந்தது என்பதாலேயே ஒரு செயல் நியாயமாகிவிடாது என அவர் உணர்ந்தமையே இந்நிகழ்ச்சியின் சாரம். மேலும் அம்மாணவன் உடல்வலிமை மிக்கவன், விரும்பியிருந்தால் எதிர்த்திருக்கலாம். 7 வயதுப் பிள்ளைக்கு அத்தெரிவு இல்லை.

அடி உண்மையில் தண்டனைதானா என்பதை ஆராய்ந்தால் வாதம் தெளிவுறும். ஒறுத்தல் தண்டனை என்னும் பெயருக்கு உரியதாகவேண்டுமாயின், தவறு எது என்பது முன்னரே அறிவிக்கப்பட்டிருத்தல் வேண்டும். தவறிழைத்தவர் தம் பக்கத்தைக் கூற வாய்ப்புப் பெறல் வேண்டும். தீர்ப்பவர் அவ்விடயத்தில் தம் சினமோ நலனோ கலவாதவராயிருத்தல் வேண்டும். ஒறுப்புக்கு அளவும் அதன்மீது மீளாய்வும் இருத்தல் வேண்டும். இவற்றுள் ஒன்றேனும் குறைந்தால் நீதிமன்றத் தீர்ப்பையே நாம் அநீதி என்கின்றோம். வகுப்பறையில் பிரம்பு உயரும் கணத்தில் இவை யாவும் குறைகின்றன. முறையிடுபவரும் தீர்ப்பவரும் தண்டனையை நிறைவேற்றுபவரும் ஒருவரே. அவரே அக்கணத்தில் சினமுற்றவரும் ஆவார். அவர் நல்லவராயிருத்தல் கூடும். பலர் நல்லவரே. ஆயின் தன் வழக்கில் தானே நீதிபதியாதல் தகாது என்னும் விதி தீயோரை மட்டும் கருதி ஏற்பட்டதன்று. நல்லோரும் தம் சினத்தை நீதியென மயங்குவர் என்பதை அறிந்து ஏற்பட்டது.

‘நன்மைக்காக’ என்னும் சொல்லும் ஆராய்ச்சிக்கு உரியது. தம்மைத் தாமே ஆளும் பருவம் எய்தாத சிறுவருக்குச் சுதந்திரக் கோட்பாட்டின் முழுப்பயனும் உரியதன்று என யோன் ஸ்ருவட் மில் 1859இல் எழுதினார். பிள்ளையின் விருப்பத்துக்கு மாறாக அதன் நன்மையைச் செய்யும் கடமை பெற்றோர்க்கு உண்டு என்பதை மறுப்பாரில்லை. கசப்பு மருந்து ஊட்டுதலும் தடுப்பூசி ஏற்றுதலும் பிள்ளைக்கு நோவு தருவனவே. ஆயின் அங்கு நோவு தவிர்க்கவியலாத உடன்விளைவு. நோவின்றி ஊசி ஏற்ற வழியிருப்பின் மருத்துவர் அதனையே மேற்கொள்வார். பிரம்படியில் நோவே கருவி. நோகாத அடியால் அடிப்பவரின் நோக்கம் நிறைவேறாது. ஊசியின் நன்மை பிள்ளை அதனை விளங்கிக்கொண்டாலும் விளங்காவிட்டாலும் விளையும். ஒழுக்கத்தின் நன்மையோ விளங்கிக்கொண்டாலன்றி விளையாது. தன் தவற்றை உணர்ந்த பிள்ளைக்கு அடி மிகை; உணராத பிள்ளைக்கு அடி கற்பிப்பது, பலமுள்ளவர் முன்னிலையில் அகப்படலாகாது என்னும் ஒரு பாடத்தையே. அடிமைக்குரிய முறையால் வளர்க்கப்படுவோன் அடிமை மனமுடையவனாவான் என்னும் கருத்தை யோன் லொக் 1693ஆம் ஆண்டிலேயே கல்வி பற்றிய தம் நூலில் வலியுறுத்தியமை ஈண்டு நினைக்கத்தக்கது.

லொக்கின் கருத்து மாத்தளைக்கு மிக அண்மையில் வரும். கோப்பிக் காலந்தொட்டுத் தோட்டங்களில் உழைப்பை ஒழுங்குபடுத்திய கருவிகளுள் கங்காணியின் தடியும் ஒன்று. எல்கடுவை, இரத்தோட்டை, உக்குவளைப் பகுதித் தோட்டங்களில் லயங்களிலே பிறந்த தலைமுறைகள், கட்டளையும் அடியும் மேலிருந்து கீழே வரும் ஓர் உலகில் வளர்ந்தன. துரை கங்காணியை ஏசினான். கங்காணி தொழிலாளியை அடித்தான். நாள் முழுதும் அவமதிப்புண்டவன் மாலையில் வீட்டில் யாரை அடித்தான் என்பதற்கு ஏடுகளில் சான்று தேடவேண்டியதில்லை. 1977ஆம் ஆண்டைத் தொடர்ந்து தோட்டப் பாடசாலைகள் அரசின்கீழ் வந்தமை இம்மக்களின் வரலாற்றில் பெருந்திருப்பம். தோட்டத்தின் அதிகார அடுக்கினின்று பிள்ளை வெளியேறுவதற்குத் திறந்த வாயில் அது. அவ்வாயிலிலும் ஒரு தடி நிற்குமாயின், தோட்டத்துக்கும் பாடசாலைக்கும் வேறுபாடு யாது எனப் பிள்ளை எண்ணுதல் இயல்பே.

அவ்வாறு எண்ணிப் பாடசாலையை விட்டு நீங்கும் பிள்ளை எங்கே போகின்றது என்பது இவ்விவாதத்தின் உண்மையான கனத்தை உணர்த்தும். 2016ஆம் ஆண்டு முதல் 16 வயது வரை கல்வி கட்டாயமாயிற்று. 2021ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தால் வேலைக்கமர்த்தும் ஆகக் குறைந்த வயதும் 14இலிருந்து 16ஆக உயர்ந்தது. சட்டத்தின் எண்கள் பொருந்திவிட்டன. எனினும் வகுப்பை வெறுத்து வெளியேறும் பிள்ளையைத் தேடித் தரகர் வருதலும், கொழும்பிலோ கண்டியிலோ ஒரு வீட்டின் சமையலறையில் அப்பிள்ளை மறைதலும் மலையகம் நன்கறிந்த துயரங்கள். அவ்வீடுகளில் விழும் அடியைக் காண எவருமில்லை, தடுப்பாருமில்லை. பாடசாலையில் அடி இயல்பென்று பழகிய பிள்ளைக்கு, அங்கு விழும் அடி குற்றமென்று முறையிடவும் தோன்றாது. முறையிடுவதற்கு முதலில், தன் உடல் பிறர் கைபடலாகாதது என்னும் எண்ணம் பிள்ளையின் நெஞ்சில் வேரூன்றியிருத்தல் வேண்டும். பாலியற் கொடுமையிலிருந்து சிறுவரைக் காக்க 1995 முதல் இயற்றப்பட்ட சட்டங்களின் பயனும் இவ்வெண்ணத்தையே சார்ந்துள்ளது. அடியை ‘அன்பு’ என்று ஏற்கப் பழக்கப்பட்ட பிள்ளை, வேறு கொடுமைகளும் அன்பென்னும் பெயரோடு வரும்போது வேறுபிரித்து அறிய மாட்டாது.

இவ்வளவும் ஏற்றுக்கொண்ட பின்னரும் ஒரு தடை எஞ்சுகின்றது, அது புறக்கணிக்கத்தக்கதன்று. குற்றவியற் சட்டமும் ஒரு தண்டமே. ஆசிரியர் கையிலுள்ள கோலை வாங்கி அரசின் கையில் கொடுத்து, அதே ஆசிரியரின் முதுகில் இறக்குவதுதான் சீர்திருத்தமாயின், கோலின் ஆட்சி ஒழியவில்லை. இடம் மாறியது மட்டுமே. வகுப்பில் பிள்ளைகள் நெருங்கியிருக்க, ஒரே ஆசிரியர் இரு வகுப்புகளைக் கவனிக்க, ஆலோசனை வழங்கப் பயின்றவர் எவரும் அண்மையில் இல்லாத பின்தங்கிய பாடசாலையில், பொறுமை இழந்து கையோங்கிய இளம் ஆசிரியையையும், பிள்ளையைச் சிதைத்த கொடியவனையும் ஒரே தராசில் நிறுத்தல் நீதியாகாது. 308அ பிரிவின் ஆகக்குறைந்த சிறைத்தண்டனை 2 ஆண்டு என்பதை எண்ணுக. கட்டாய ஆகக்குறைந்த தண்டனை நீதிபதியின் தற்றுணிபைப் பறிக்கும் என்பதை வேறொரு குற்றம் தொடர்பாக அநுராதபுர மேல் நீதிமன்றம் எழுப்பிய வினாவுக்கு 2008இல் விடையளித்த உயர் நீதிமன்றமே ஏற்றுக்கொண்டுள்ளது. சட்டம் மிகக் கடியதாயின் முறையிடுவோர் அஞ்சுவர், பொலிசார் தயங்குவர், ஈற்றில் பிள்ளைக்குக் கிடைப்பது ஏட்டிலுள்ள பாதுகாப்பு மட்டுமே.

ஆயின் இத்தடை விதிவிலக்கை வைத்திருப்பதற்குக் காரணமாகாது. எவ்வாறு நீக்குவது என்பதற்கே அது வழிகாட்டும். உலகில் முதன்முதலாக 1979இல் பெற்றோர் அடித்தலையும் விலக்கிய சுவீடன், அவ்விதியைக் குடும்பச் சட்டத்தில் அமைத்தது. அவ்விதிக்கெனத் தனித் தண்டனை எதனையும் சேர்க்கவில்லை. அதேவேளை அரசு அச்சட்டத்தைப் பால் விற்கும் பெட்டிகளிலும் அச்சிட்டு வீடுதோறும் சேர்ப்பித்தது. இந்தியாவின் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் உடல்சார் தண்டனையையும் உளத் துன்புறுத்தலையும் தடைசெய்து, மீறும் ஆசிரியரைச் சேவை விதிகளின்படியான ஒழுக்காற்று நடவடிக்கைக்கு உட்படுத்துகின்றது. அடி நியாயமன்று எனச் சட்டம் அறிவித்தல் ஒன்று. அடித்தவரைச் சிறையிடல் வேறொன்று. முதலாவது எல்லா நிலையிலும் வேண்டப்படுவது. இரண்டாவது தீங்கின் அளவையும் கருத்தையும் நோக்கித் தீர்மானிக்கப்படவேண்டியது.

பிரம்பை வைக்குமாறு ஆசிரியருக்குக் கூறும் அரசு, அதற்கு ஈடாக எதனை அவர் கையில் தருகின்றது என்பதற்கும் விடை கூறக் கடமைப்பட்டது. அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரை சிறுவரின் நலனை விசேட கவனத்துடன் பேணுமாறு அரசைப் பணிக்கின்றது. அக்கவனம் வர்த்தமானியில் ஒரு பக்கத்தோடு முடிவதாயின், சுமை முழுதும் மிக எளியவரான ஆசிரியர் தலையில் வீழும். வகுப்பின் அளவைக் குறைத்தல், உளவளத்துணை ஆசிரியரை நியமித்தல், தாய்மொழியில் ஆசிரியர்க்குப் பயிற்சியளித்தல் ஆகியவை சட்டமூலத்தின் வாசகங்களுக்குள் அடங்காவிடினும் அதன் நேர்மையை அளக்கும் அளவுகோல்கள் அவையே. மாத்தளை நகரக் கல்லூரிக்கு இவை எளிதில் கிட்டி, மலைச்சரிவுத் தோட்டப் பாடசாலைக்குக் கிட்டாவிடின், ஒரே சட்டம் ஓரிடத்தில் பாதுகாப்பாகவும் மற்றோரிடத்தில் அச்சுறுத்தலாகவும் விளங்கும்.

மாத்தளை நகருக்கு வடக்கே அண்மையிலுள்ள அலுவிகாரையிலேதான் பௌத்தத் திரிபிடகம் கி. மு. முதலாம் நூற்றாண்டில் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பட்டது என்பது மரபு. அத்திரிபிடகத்தில் அடங்கிய தம்மபதத்தின் பத்தாம் அதிகாரம் தண்டத்தின் பெயராலேயே வழங்குகின்றது. பிறரது அச்சத்தைத் தன் அச்சத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பவன் கோலை ஓங்கான் என்பது அவ்வதிகாரம் தரும் அறிவுரை. திருக்குறளிலும் அரசியல் கூறுமிடத்தில் வெருவந்த செய்யாமைக்கென ஓர் அதிகாரம் அமைந்துள்ளது. ஆள்வோன் குடிகளை அச்சுறுத்தி ஆளலாகாது என அரசனுக்கு விதித்த சமூகம், அவ்விதியைத் தன் வீட்டுக்குள்ளும் திண்ணைப் பள்ளிக்குள்ளும் கொண்டுசெல்லாது விட்டது. ஆதலால் இப்போது வேண்டப்படுவது புறத்தேயிருந்து வரும் புதுமையன்று. அரசனுக்கு விதித்த எல்லையைத் தந்தைக்கும் ஆசிரியர்க்கும் விதித்தலே ஆகும்.

பிள்ளைக்குக் கண்டிப்பு வேண்டுமா என்பதில் இங்கு எவருக்கும் ஐயமில்லை. வரம்பில்லாத வளர்ப்பும் பிள்ளையைக் கைவிடுதலின் ஒரு வகையே. கண்டிப்பவர் தம் சொல்லுக்குக் காரணம் கூறவேண்டும். பிள்ளையின் மறுமொழியைக் கேட்கவேண்டும். தாம் விதித்த வரம்பைத் தாமும் மீறாதிருக்கவேண்டும். இவை பிரம்பினும் கடினமானவை. நேரமும் பொறுமையும் வேண்டுபவை. பிரம்பு நீண்ட காலம் நிலைத்தமைக்கு அது சிறந்த வழியாயிருந்தமை காரணமன்று; எளிய வழியாயிருந்தமையே காரணம். நீதிமன்றம் 2005இல் அவ்வெளிய வழியைக் கைவிட்டும் தன் அதிகாரத்தை இழந்துவிடவில்லை. ஆசிரியரும் இழக்க வேண்டியதில்லை. 1848இல் கசையடியால் நிலைநாட்டப்பட்ட அதிகாரத்தை மாத்தளை மக்கள் அஞ்சினரேயன்றி மதிக்கவில்லை என்பதை வரலாறு காட்டிற்று. ஆசிரியர்க்கு வேண்டியது அவ்வச்சமா, மதிப்பா என்பதே ஈற்றில் அவர் தாமே தீர்மானிக்கவேண்டியது. சட்டம் செய்யக்கூடியது, அத்தீர்மானத்தின் விலையைப் பிள்ளையின் உடல் செலுத்தாதவாறு காத்தல் மட்டுமே.